கழுத்தறுத்தான்

என் ஓர்ப்படி செந்தமிழ்ச்செல்வியின் கோழிகளுக்குக் கழுத்தில் இறகு கிடையாது. உச்சந்தலையில் ஒரு கொத்து இருக்கும். அதற்குக் கீழே தோள்வரை சிவந்த வெறும் தோல். யாரோ பாதி பிடுங்கிவிட்டு, குழம்பு வைக்க மனமில்லாமல் இறக்கிவிட்டதுபோல் திரியும். எங்கள் பக்கத்தில் அந்த ரகத்துக்குக் கழுத்தறுத்தான் என்று பெயர். கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்த முதல் நாள், என்னை உட்காரவைத்திருந்த பாயின் முன்னால் ஒன்று வந்து நின்று பார்த்தது. நான் சிரித்துவிட்டேன். சத்தமாகவே. செல்வி தண்ணீர்ச் சொம்போடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருடமாகிறது. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் இளையவர் வீரமணிக்கு. அடுத்தடுத்த வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர், சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். மரம் பொது. நிழல் பொது இல்லை. என் கொல்லை மேற்கே, அவளுடையது கிழக்கே. காலை ஏழு மணிக்கு எனக்கு நிழல் விழும். அந்த நேரத்தில் நிழல் யாருக்கு வேண்டும்? பிற்பகல் இரண்டு மணிக்கு மண் அடுப்புபோல் காயும்போது மொத்த நிழலும் அவள் பக்கம் சாய்ந்து கிடக்கும். பாகம் பிரித்தபோது நான் ஊரில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் இருந்தேன்.

அங்கே என் வேலை, முன்னால் வந்து நிற்கும் பின்மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் மேலே ஒட்டிய தாளில் ஒரு டிக். அடுத்தது. பதினான்கு மாதம், நைட் ஷிப்ட் மட்டும். பகலில் தூக்கம் வராமல் போனது. சாப்பாடு இறங்காமல் போனது. கார்த்திகையில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீரமணி கரும்பு வெட்டப் போகிறவர். கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

"வந்துட்ட. சரி. இன்னா பண்ணப்போற?"

"கோழி வளக்கறேங்க."

"அண்ணி மாதிரியா?"

"அவளவிட."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எரிந்தது. "ஆடி ஒண்ணு வரைக்கும் பாக்கலாம். உன் கொல்லைல பொரிச்ச குஞ்சு அஞ்சு உசுரோட நிக்கணும். அஞ்சே போதும். நிக்கலைனா கம்பெனிக்குப் போன் போட்டு வரேன்னு சொல்லிடு. எடம் இருக்குதுன்னு சொல்லிகினுதான இருக்காங்க."

சரி என்றேன். ஐந்து ஒரு எண்ணிக்கையா? பக்கத்துக் கொல்லையில் இருபத்தாறு மேய்ந்துகொண்டிருந்தன.

தை மாதம் போனில் பார்த்துப் பார்த்து ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். சீமை ரகம். பஞ்சுமூட்டை மாதிரி உடம்பு, விரல்வரை இறகு. கள்ளக்குறிச்சியில் ஒருவர் மாடியில் வைத்து வளர்த்தார். வளர்ந்த கோழிகளாகப் பன்னிரண்டு வாங்கி வந்தேன், அதில் ஒன்று சேவல். செல்வியின் கோழிகளுக்கு எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் இவற்றுக்கு இருந்தது. அதற்காகவே வாங்கினேன். வெயிலை நான் யோசிக்கவில்லை. என் அம்மா தன் பங்குக்கு ஒரு கருப்பு நாட்டுப்பெட்டையைக் காலைக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். சின்ன உடம்பு, பார்க்க ஒன்றுமில்லை. அதைக் கூட்டத்தோடு சேர்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

செல்வி சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள்.

"இன்னா தமிழு, கோழிக்கெல்லாம் பேண்ட்டு போட்டு வுட்டிருக்க?"

"அழகா இல்லியாக்கா?"

"அழகுக்கு இன்னா கொறச்சலு. சித்திரைல அவுத்துப் போட ஜிப்பு வச்சிருக்குதா?"

என் முழுப்பெயர் தமிழ்மொழி. அதைச் சுருக்கிக் கூப்பிடும்போதுகூட அவள் எதையோ என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதுபோல் இருக்கும்.

கத்திரி தொடங்கி நான்காம் நாள். நனைத்த சாக்கை நான்கு பக்கமும் தொங்கவிட்டிருந்தேன். பானையில் தண்ணீர், மேலே கீற்று. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு மணிக்கு உட்கார்ந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தரையில் நீட்டின. கையில் தூக்கினால் உள்ளே தணல் வைத்ததுபோல் சுட்டது. நான்கு மணிக்குள் ஒன்பது போய்விட்டன. அடுத்த இரண்டு நாளில் மீதி இரண்டு பெட்டையும். சேவல் மட்டும் தப்பியது. அது முதல் நாளே சுவரேறிக் குதித்து, செல்வியின் நிழலில் அவளுடைய கோழிகளோடு போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அம்மா கொடுத்த கருப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்கடை ஓரத்து ஈரமண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

குழி வெட்டிக்கொண்டிருந்தபோது செல்வி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"பெரிய ஒடம்பு. மூட்டை இறகு. உள்ள இருக்கற சூடு எப்படிப் போவும்? என்னுதுங்களுக்குக் கழுத்து ஜன்னலு மாதிரி."

நான் மண்ணைத் தள்ளினேன். ஜன்னல் திறந்த இருபத்தாறும் அவள் காலடியில் கீறிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் அவள் கொல்லையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முட்டையிட்ட கோழி கத்தும். ஒவ்வொன்றின் குரலும் எனக்குப் பழகிவிட்டது. ஒன்பதரைக்கு ஒன்று, பத்தேகாலுக்கு ஒன்று, பதினொன்றுக்கு இரண்டு. எனக்குக் கேட்கவேண்டும் என்றே அவள் அவற்றைப் பழக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். சோறு வடிக்கும்போது கேட்டேன். துணி அலசும்போது கேட்டேன். கம்பெனியில் சங்குக்கு இப்படித்தான் காது வைத்திருப்பேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, இந்த ரகத்த எங்க வாங்கின?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மலைல. வெள்ளிமலை சந்தைல ஒருத்திகிட்ட."

மறுநாள் கச்சிராயபாளையம் போய் மலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்று மாறியது. மேலே இறங்கியபோது மே மாதம் என்றே தெரியவில்லை. தோளில் துண்டு போர்த்திக்கொண்டு ஒரு பெண் சாமை மூட்டைக்குப் பக்கத்தில் கூடை நிறையக் கோழி வைத்திருந்தாள். எல்லாம் இறகு புசுபுசுவென்று நல்ல கனம். கழுத்தறுத்தான் இருக்கிறதா என்றேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, என்னைக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அத இங்க எவ வளப்பா? மார்கழிப் பனில வெறச்சிப் பூடும். கழுத்துக்கு மப்ளரு கட்டி வுடணும்."

"இங்க வாங்கினதா எங்க ஊருல சொன்னாங்களே."

"சொன்னவ உன்ன நல்லா அனுப்பி வச்சிருக்கா போ. அது வெயிலுக்குப் பொறந்த கோழி. கீழ் நாட்டுல தேடு. என்னுது வேணுமா? வேணாம் வுடு. நீ கீழ எடுத்துகினு போனா எண்ணி ஒரு வாரத்துல குழம்புதான்."

விற்க வந்தவளே விற்க மறுத்தாள். வெறும் பையோடு இறங்கினேன். பஸ் கீழே வரவரக் காற்று சூடாவது முகத்தில் தெரிந்தது. செல்வி பொய் சொல்லிவிட்டாள். எனக்குப் பொய்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் யோசித்த அந்தக் கொஞ்ச நேரம்தான் வலித்தது. எவ்வளவு தூரம் என்னை அனுப்பலாம் என்று அளந்திருக்கிறாள்.

இனி கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த நேரத்தில் கருப்பி முட்டையிட ஆரம்பித்தது. எங்கள் தெருவில் அடைக்கு எடுத்து வைக்கும் முட்டையில் கரியால் ஒரு கோடு போடுவார்கள். அடைக்கோழி இருக்கும் கூடையில் வேறு கோழி புதிதாக இட்டுவிட்டால் பிரித்து எடுக்க வேண்டுமே, அதற்கு. நானும் கருப்பியின் முட்டை கிடைத்தவுடன் கரித்துண்டை எடுத்து அடையாளம் வைத்தேன்.

செல்வி காலையில் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவாள். அவள் கோழிகள் முட்டையிடும் கூடை சுவரை ஒட்டியே இருக்கும். நான் கருப்பியின் முட்டையை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டுவேன். அதை அங்கே வைப்பேன், அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வேன். எண்ணிக்கை குறையாது. நாட்டுக்கோழி முட்டை எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எட்டு நாள், எட்டு முட்டை. ஒரு நாள் கூடையில் கோழி உட்கார்ந்திருந்தது. அடியில் கையை விட்டபோது அதன் கழுத்து என் மணிக்கட்டில் பட்டது. மனிதத் தோல்போல் இருந்தது. சுட்டது. ஜன்னல் என்று அவள் சொன்னது பொய்யில்லை.

கருப்பி அடைக்கு உட்கார்ந்தது. கூடையில் உமி பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, செல்வியின் எட்டு முட்டையையும் வைத்தேன். இருபத்தோரு நாள் கையில் வேலை ஓடவில்லை. கழுத்தில் இறகில்லாத எட்டுக் குஞ்சு என் கொல்லையில் ஓடும். செல்வி கேட்டால், உன் சேவல் வந்து போனது என்று சொல்லிவிடலாம். அவள் சேவல் வந்துகொண்டுதான் இருந்தது. காலை நிழலுக்கு என் பக்கம் வந்து கருப்பியின் பின்னாலேயே சுற்றும். கல்லெடுத்து அடித்து விரட்டுவேன்.

அதை விரட்டிய நாட்களில்கூடக் கருப்பியின் முட்டைக்குள் இருப்பது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் விளங்கவில்லை. என் சீமைச் சேவல் அன்று சுவரேறிப் போனதோடு நிற்கவில்லை. தினமும் பிற்பகல் அங்கேதான் இருந்தது.

ஆனி பன்னிரண்டில் ஆறு பொரித்தன. உமியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஆறுக்கும் விரல்வரை மயிர். ஆறும் பேண்ட் போட்டிருந்தன. நான்கிற்குக் கழுத்தும் மூடியிருந்தது. இரண்டுக்கு மட்டும் கழுத்து வெறுமையாக, கீழே கால் புசுபுசுவென்று, இரண்டு கடையில் வாங்கி ஒட்டியதுபோல் இருந்தன.

இரண்டு நாள் கழித்துச் செல்வியின் கூடையும் பொரித்தது. சுவர்மேல் எட்டிப் பார்த்தேன். ஏழு. ஏழும் கன்னங்கருப்பு. ஏழுக்கும் கழுத்து மொட்டை. அவள் வீட்டில் கருப்புப் பெட்டையே கிடையாது.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. என் கருப்பிக்கும் அவள் சேவலுக்கும் பிறந்தவை அவை. நான் என்ன தேடி மலை ஏறினேனோ, அதை என் கொல்லையிலிருந்து என் கையாலேயே எட்டு நாள் சுமந்துபோய் அவள் கூடையில் வைத்திருக்கிறேன். என் சேவலின் பிள்ளைகளைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று வாரம் அந்த ஏழையும் பார்த்தேன். வெயிலில் ஓடின. கருப்பு நிறம் வெயிலை இழுக்கும் என்பார்கள். இவை இழுத்துக் கழுத்து வழியே விட்டுவிட்டன போலும். என்னுடையவற்றில் கழுத்து மூடிய ஒன்று வெயிலில் சுருண்டது. இன்னொன்றைப் பருந்து தூக்கியது. நான்கு நின்றன.

ஆடி ஒன்றாம் தேதி காலை வீரமணி டீ டம்ளரோடு கொல்லைக்கு வந்தார். அந்தப் பக்கம் என் மாமியார் செல்லியம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். செல்வி பஞ்சாரத்தைத் தூக்கிக் குஞ்சுகளை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு," என்றார் வீரமணி.

"ஒண்ண பருந்து எடுத்துகினு போச்சுங்க."

"நாலுதான நிக்குது மொழி." கோபம் இல்லை. அளந்து சொன்னார். "போன் நீ போடறியா, நான் போடட்டா?" திரும்பியவர் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "அண்ணி, இன்னா இது, கருப்புல கழுத்தறுத்தான்? நான் பாத்ததே இல்லியே."

செல்வி தவிட்டை இறைத்தாள். "தானா அமைஞ்சுது தம்பி. சில பேருக்குக் கை அப்படி."

அவள் கையை நான் பார்த்தேன். தவிடு ஒட்டிய அந்தக் கை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பஸ் ஏறிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் அந்த ஏழோடும் அந்த நிழலோடும் இங்கே இருப்பாள்.

"அது என் முட்டை," என்றேன்.

"இன்னா சொன்ன?"

"அந்த ஏழும் என் கருப்பி போட்டது. நான்தான் கொண்டாந்து உன் கூடைல வச்சேன். உன்னுத எடுத்துகினு போயி அடை வச்சேன். எட்டு."

வீரமணி டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "திருடினியா?"

"மாத்தினேங்க."

மாமியார் புடைப்பதை நிறுத்தினார். "நல்லா மாத்தின போ. பேண்ட்டு போட்டதெல்லாம் உனுக்கு, கழுத்தறுத்தான் அவளுக்கு."

செல்வி வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு முட்டை. பொரிக்காமல் போன எட்டாவது. சுவர்மேல் வீரமணியின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, நிற்காமல் உருண்டதை விரலால் பிடித்துக் காட்டினாள். ஓட்டில் கரியால் ஒரு டிக்.

"எங்க தெருவுல எவளும் கோடுதான் போடுவா. டிக்கு போடறவ ஒருத்திதான். எட்டுலயும் போட்டிருந்தா. மொத நாளே பாத்துட்டேன்."

அடையாளத்தைத் துடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிக் போட்டுத் தள்ளியதை நான் மறுபடி பார்த்துப் பழக்கமில்லை.

"தெரிஞ்சிகினா சும்மா இருந்த?"

"என் சேவலு உன் கருப்பி பின்னால சுத்தும்போதுலாம் நீ கல்லால அடிச்சிகினு இருந்த. எனுக்கு அந்தக் கருப்புமேல கண்ணு. கேட்டா நீ குடுப்பியா? தானா சொவரு தாண்டி வந்துது. எட்டையும் பொறுக்கி அடை வச்சேன்."

"மலைனு ஏன் சொன்ன?"

"எங்க அம்மா வூடு களமருதூருலேர்ந்து வந்த கோழி அது. சொல்லியிருந்தா நேரா அங்கயே போயி வாங்கினு வந்திருப்ப. மொத நாளு பாயில உக்காந்துகினு அதப் பாத்து சிரிச்சியே தமிழு. மலை ஏறி எறங்கட்டும்னு வுட்டேன்."

ஆறு வருடம் அதை வைத்திருந்திருக்கிறாள். நான் எதையும் அவ்வளவு நாள் வைத்திருந்ததில்லை. அதிலும் அவள்தான் மேல்.

"எடுத்துக்கறேன்," என்று சுவரைத் தாண்டப் போனேன். செல்வி குறுக்கே நின்றாள்.

"எங்க எடுக்கற? முட்டை உன்னுது. அடை யாருது? இருவத்தோரு நாளு உக்காந்தது என் கோழி. தீனி என்னுது."

"அப்ப இங்க நம்ம கொல்லைல நிக்கற நாலும் அப்படித்தான," என்றார் வீரமணி. அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

மாமியார் எழுந்து சேலையைத் தட்டினார். "வாரந்தான். வேற இன்னா? அடுத்தவ கோழிய வாரத்துக்கு வளத்தா பாதிக்குப் பாதி. இங்க ஏழு, அங்க நாலு. அவளுது ரெண்டு அங்கேர்ந்து வரட்டும். உன்னுது மூணு இங்கேர்ந்து போவட்டும்."

"மூணா? ஏழுல பாதி மூணரை," என்றேன்.

"அரைக் குஞ்ச எந்தப் பக்கமா அறுக்கட்டும்? கழுத்துப் பக்கமா?"

வீரமணி சிரித்துவிட்டார். செல்வியும். ஏழாவது அவளுக்குப் போனது. மாற்ற வந்தவள் நான் என்பதால் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றார் மாமியார். என் நான்கில் எந்த இரண்டு என்று செல்வியே பொறுக்கினாள். கழுத்து மூடிய இரண்டை எடுத்துக்கொண்டாள். வெயில் தாங்கும் இரண்டையும் எனக்கு விட்டாள்.

வீரமணி எண்ணினார். மூன்றும் இரண்டும் ஐந்து. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். நான் கம்பெனிக்குப் போகவில்லை.

சேதி அன்று சாயங்காலத்துக்குள் தெருக்கோடிவரை போய்விட்டது. குழாயடியில் ஒருத்தி கேட்டாள், "இன்னா கழுத்தறுத்தா, தண்ணி வருதா?" அப்படியே நின்றுவிட்டது. இப்போது சிறுசுகள்கூட அந்தப் பெயரில்தான் வீட்டுக்கு வழி சொல்கிறார்கள்.

ஐந்தும் வளர்ந்துவிட்டன. கருப்பில் இரண்டு பெட்டை, ஒரு சேவல். நல்ல கோழிகள்தான். ஆனால் அந்த ஏழாவது இருக்கிறதே, அதுவும் பெட்டை, முதலில் முட்டையிட்டது அதுதான். காலை பத்து மணிக்குக் கத்தும். மற்ற எல்லாவற்றின் குரலையும் தாண்டி எனக்கு அது தனியாகக் கேட்கிறது. வெயில் ஏறியதும் என்னுடைய ஐந்தும் ஒவ்வொன்றாகச் சுவரேறி அந்தப் பக்கம் நிழலுக்குப் போய்விடுகின்றன. பொழுது சாய்ந்தபிறகுதான் திரும்புகின்றன. அதுவரை கொல்லையில் நான் மட்டும் நிற்கிறேன்.